கூண்டு மீனும் கொடும் பேனும்



தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். ஆதலால் இன்றைய பேச்சை நான் கடலில் தொடங்காமல் ஒரு மாமரத்தடியில் தொடங்குகிறேன்.

நான் தலைமை ஆசிரியனாக இருந்த பள்ளியின் பின்புறத்தில் முதிய மாமரம் ஒன்று தனித்து நின்றது. அதன் கிளைகளில் புல்லுருவி செழித்து வளர்ந்திருந்தது. ஒட்டுண்ணியைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் மாணவர்களை அம்மரத்தடிக்கு அழைத்துச் செல்வேன். “புல்லுருவி இம்மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்கிறது. மரம் பட்டுப்போனால் புல்லுருவியும் பட்டுப்போகும். ஆகவே, நெடுங்காலப் போக்கில் ஒட்டுண்ணி தன்னைத் தாங்கும் உயிருக்குப் பெருந்தீங்கு செய்யாத இயல்பையே அடையும்” என்று சொல்வேன்.

ஓர் ஆண்டு, கூட்டத்தின் பின்னால் நின்ற மாணவன் ஒருவன், “ஐயா, இது தனி மரம். மரங்கள் நெருங்கி நிற்கும் தோப்பாக இருந்தால், ஒரு மரம் பட்டுப்போவதால் புல்லுருவிக்கு என்ன நட்டம்? அதற்குள் அதன் விதை பக்கத்து மரத்துக்குப் போயிருக்குமே!” என்று கேட்டான். தேர்வு நெருங்கியிருந்த நேரம் அது. “பாடத்தில் இருப்பதை முதலில் படி” என்று சொல்லி அவனை அடக்கிவிட்டேன். அவனும் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பின்னர், மீன் பண்ணைகளைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் சிலவற்றைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. படிக்கப் படிக்க, அந்த மாணவனின் கேள்வியே என் நினைவுக்கு வந்தது. அவன் கேட்டதே சரியான கேள்வி; நான் சொன்னதுதான் அரைகுறைப் பாடம். அந்தப் பாடத்தைத் திருத்திச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன்.

ஓர் உயிரின் உடலில் தங்கி, அதன் உணவைக் கவர்ந்து, அதற்குத் தீங்கு விளைத்து வாழும் உயிரை ஒட்டுண்ணி என்கிறோம். இடம் தரும் உயிரை ஓம்புயிர் என்கிறோம். பேன், உண்ணி, குடற்புழு ஆகியவை நாம் அறிந்த ஒட்டுண்ணிகள். பரந்த பொருளில் பார்த்தால், நோய் தரும் பாக்டீரியாக்களையும் வைரசுகளையும்கூட இவ்வினத்தில் சேர்க்கலாம்.

ஒட்டுண்ணிக்கு ஓம்புயிரைக் கொல்ல வேண்டும் என்ற நோக்கமும் இல்லை. காக்க வேண்டும் என்ற கருணையும் இல்லை. ஓரினத்து ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. சில விரைந்து உண்டு விரைந்து பெருகும். சில மெல்ல உண்டு மெல்லப் பெருகும். இவ்வேறுபாடுகளில் சில பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகின்றன. எந்த வகையின் சந்ததி மிகுதியாகப் புதிய ஓம்புயிர்களைச் சென்றடைகிறதோ, அந்த வகையே அடுத்த தலைமுறையில் பெருகி நிற்கும். டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வு என்பது இதுவே.

இதனை ஒரு வரவு செலவுக் கணக்காக எழுதிப் பார்க்கலாம். ஓம்புயிரின் உடலை மிகுதியாகச் சுரண்டினால் சந்ததி விரைவில் பெருகும்; அது வரவு. அந்தச் சுரண்டலால் ஓம்புயிர் விரைவில் மடிந்தால், மேலும் பெருகுவதற்குரிய காலம் போய்விடும், அது செலவு. வரவு மிகுந்து செலவு குறைந்த இடத்தில் ஒட்டுண்ணியின் கொடுமை நிலைகொள்ளும்.

ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒன்று இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அந்நாட்டில் அளவின்றிப் பெருகிப் பயிரையும் புல்வெளியையும் அழித்த முயல்களை ஒழிப்பதற்காக, 1950-ஆம் ஆண்டில் மிக்சோமா என்னும் வைரசை அவற்றிடையே பரவவிட்டார்கள். தொடக்கத்தில், நோய் கண்ட நூறு முயல்களில் 99-க்கு மேல் மடிந்தன. ஆயினும் சில ஆண்டுகளுக்குள்ளாகவே சற்றுக் கொடுமை குறைந்த வகைகள் மேலோங்கிவிட்டதை ஃபிராங்க் ஃபென்னர் முதலிய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அந்த வைரசை முயலிலிருந்து முயலுக்குக் கொண்டு செல்பவை கொசுவும் தெள்ளும். முயல் இரண்டொரு வாரம் கூடுதலாக உயிரோடிருந்தால், அத்தனை நாளும் கொசு அதைக் கடித்து வைரசைச் சுமந்து செல்லும். ஆதலால் கொடுமை குறைந்த வைரசுக்கு இலாபம் கிடைத்தது.

இதைப் படித்துத்தான் என் போன்ற ஆசிரியர்கள், “ஒட்டுண்ணி காலப்போக்கில் சாதுவாகும்” என்று பொதுவிதி வகுத்துவிட்டோம். ஆனால் அங்கேயும் மேலோங்கிய வகைகள் சாதுவானவை அல்ல. அவை பெரும்பாலான முயல்களைக் கொல்லும் ஆற்றல் உடையனவாகவே இருந்தன. மிகவும் மென்மையான வகை வெற்றி பெறவில்லை. மிகுதியாகப் பரவிய வகையே வெற்றி பெற்றது. அப்படியானால் பரவும் சூழ்நிலை மாறும்போது கணக்கும் மாறும் அன்றோ? அந்தச் சூழ்நிலையை மனிதனே மாற்றினால் என்ன ஆகும் என்பதை நார்வே நாட்டுக் கடலில் காணலாம்.

அட்லாண்டிக் சால்மன் என்பது குளிர்நாட்டு மீன். நம் ஊர்க் கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்ற பெயரில் விற்கப்படும் காலா மீன் வேறு இனம். அட்லாண்டிக் சால்மன் ஆற்றில் பிறந்து, சில ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, பின்னர் கடலுக்குச் செல்லும். கடலில் கொழுத்துப் பெரிதாகி, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஆற்றையே நாடித் திரும்பும்.

அதன் உடலில் ஒட்டி வாழும் ஓர் உயிரைச் சால்மன் பேன் என்று அழைக்கிறார்கள். பெயர் பேனாயினும் அது நம் தலையில் காணும் பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. இறால், நண்டு ஆகியவற்றின் உறவான ஓட்டுடலி. முதிர்ந்த பெண் பேன் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதன் பின்புறத்தில் இரண்டு முட்டைச் சரங்கள் நூல்போல் தொங்கும். ஒவ்வொரு சரத்திலும் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு கடலில் மிதந்து, கையிருப்பாகக் கொண்டு வந்த கரு உணவு தீர்வதற்குள் ஒரு மீனைப் பற்றிக்கொள்ள வேண்டும், தவறினால் மடியும். பற்றிய பின் மீனின் வழவழப்பையும் தோலையும் குருதியையும் உண்டு வளரும். கடல்நீரின் வெப்பம் 10 பாகையாக இருக்குமானால், முட்டை முதிர்ந்த பேனாவதற்கு ஏறத்தாழ 40 முதல் 50 நாட்கள் ஆகும்.

இயற்கையில் இந்தப் பேனின் வாழ்க்கை எளிதன்று. கடல் பரந்தது, மீன்கள் சிதறி வாழ்வன. குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை ஒரு மீனையும் காணாமலேயே மடியும். மீன் ஆற்றில் ஏறினால், நன்னீர் தாங்காமல் பேன்கள் உதிர்ந்துவிடும். இளம் சால்மன்கள் வசந்த காலத்தில் ஆற்றை விட்டுக் கடலுக்கு வரும்போது, பேன் சுமந்த பெரிய சால்மன்கள் பெரும்பாலும் தொலைக்கடலில் இருக்கும். இவ்வாறு இளையவையும் முதியவையும் காலத்தாலும் இடத்தாலும் பிரிந்திருந்தமையால், இளமீன்களுக்கு ஒரு காப்பு இருந்தது. புதிய மீன் கிடைப்பது அரிதாகையால், கிடைத்த மீன் நெடுநாள் வாழ்வதே பேனுக்கும் நலமாக இருந்தது. இது தனி மரத்துப் புல்லுருவியின் நிலை.

1970-ஆம் ஆண்டில் நார்வேயின் ஹித்ரா தீவில், குரோன்ட்வெட் சகோதரர்கள் கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் சால்மன் வளர்த்து வெற்றி கண்டார்கள். அதன்பின் அத்தொழில் கடற்கரை நெடுகிலும் பரவியது. 2021-இல் அந்நாட்டின் வளர்ப்புச் சால்மன் விளைச்சல் 15 இலட்சம் டன்னைத் தாண்டியது. சட்டப்படி ஒரு கூண்டில் 2 இலட்சம் மீன்கள் வரை வளர்க்கலாம். நார்வே ஆறுகளுக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் காட்டுச் சால்மன்களோ சில இலட்சங்களே. கூண்டுகளில் இருப்பவை பல கோடி.

இப்போது பேனின் கணக்கை மறுபடியும் எழுதுங்கள். பக்கத்து மீன் ஒரு சாண் தொலைவில் இருக்கிறது. குளிர்காலத்திலும் ஓம்புயிருக்குப் பஞ்சமில்லை. ஒரு மீன் மடிந்தாலும் அருகில் ஆயிரம் மீன்கள் உண்டு. மேலும், வளர்ப்பு மீன் கடலுக்கு வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் அறுவடையாகிவிடும். இடையிடையே பேனைக் கொல்ல மருந்தும் இடுவார்கள். ஆகவே பொறுத்திருந்து பின்னர் முட்டையிடும் பேன், அந்தப் ‘பின்னர்’ வருவதற்குள் அழிந்து போகலாம். முந்தி உண்டு முந்தி முட்டையிடும் பேனே சந்ததியை விட்டுச் செல்லும். அடக்கத்திற்குப் பரிசில்லை; பேராசைக்குத் தண்டனை இல்லை. மரங்கள் நெருங்கிய தோப்பு என்று அன்று என் மாணவன் சொன்னானே, அது இதுதான்.

இதனைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பண்ணை மீன்களில் எடுத்த பேன்கள் ஒரு புறம். பண்ணைகள் இல்லாத பகுதியின் காட்டு மீன்களில் எடுத்த பேன்கள் மறுபுறம். இரண்டையும் ஆய்வுக் கூடத்தில் இளம் சால்மன்களின்மேல் விட்டுப் பார்த்தனர். பண்ணைப் பேன்கள் மீனின் தோலில் மிகுந்த புண்ணை உண்டாக்கின. அவை ஒட்டிய மீன்களின் வளர்ச்சியும் மிகுதியாகக் குன்றியது. ஒரே சோதனையை வைத்து முடிந்த முடிபு கூறுதல் விஞ்ஞான முறையன்று. ஆயினும் கணக்கு எந்தத் திசையைக் காட்டியதோ, அதே திசையைத்தான் சோதனையும் காட்டியது.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். பேனை ஒழிக்கப் பண்ணையார்கள் முதலில் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளைக் கையாண்டனர். பிறகு பைரெத்ராய்டு வகை வந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி, தீவனத்தில் கலந்து கொடுக்கும் எமமெக்டின் பென்சோயேட் வந்தது. ஒவ்வொன்றும் தொடக்கத்தில் அருமருந்தாக விளங்கிச் சில ஆண்டுகளில் வலிமை இழந்தது.

“மருந்துக்குப் பேன் பழகிக்கொண்டது” என்று இதனை மாணவர் பலர் விடைத்தாளில் எழுதுவார்கள். அது பிழை. ஆர்கனோபாஸ்பேட் மருந்து பேனின் நரம்பு மண்டலத்துக்கு இன்றியமையாத ஒரு நொதியை முடக்கிவிடும். எதிர்ப்பாற்றல் கொண்ட பேன்களில், அந்த நொதியின் 362-ஆம் இடத்தில் பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக டைரோசின் அமைந்திருக்கிறது. இந்தச் சிறு மாற்றம், பண்ணைகளில் அம்மருந்து கையாளப்படுவதற்கு முன்பிருந்தே சில பேன்களில் இருந்து வந்தது என்று 2017-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. மருந்து அந்த மாற்றத்தைப் படைக்கவில்லை. மற்றப் பேன்களை மடியச் செய்து, அந்த மாற்றம் உடையவற்றுக்கு இடத்தை ஒழித்துக் கொடுத்தது. பைரெத்ராய்டுக்கு எதிரான ஆற்றலோ பெரும்பாலும் தாய்வழியே இறங்குகிறது; உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபுப் பொருளோடு அது தொடர்புடையது.

எமமெக்டினை எதிர்க்கும் ஆற்றல் பரவிய வேகம் இன்னும் வியப்புக்குரியது. பேன்களின் மரபுக் குறிகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், இத்தகைய மரபுக் கூறுகள் 11 ஆண்டுகளுக்குள் வட அட்லாண்டிக் கடல் முழுவதும் பரவிவிட்டதை 2014-இல் அறிவித்தனர். பரிணாமம் என்றால் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்வது என்று எண்ணுகிறோம். ஒரு குழந்தை பிறந்து ஆறாம் வகுப்பில் சேர்வதற்குள் ஒரு கடலின் பேன் குலமே மாறிவிட்டது.

சால்மன் பேனைப் பொறுத்தவரை, மீன் மடிந்தால் ஒரு நட்டமாவது உண்டு. அந்த நட்டமும் இல்லாத நிலை பின்லாந்தில் கண்டறியப்பட்டது. அங்கே சால்மன், டிரௌட் ஆகிய மீன்களின் குஞ்சுகளைத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். கோடைகாலத்தில் நீர் வெதுவெதுப்படையும்போது, ஃபிளேவோபாக்டீரியம் கொலம்னாரே என்னும் பாக்டீரியா குஞ்சுகளின் தோலையும் செவுளையும் அரித்துக் கொல்கிறது. 1984 முதல் 23 ஆண்டுகளுக்குரிய குறிப்புகளை ஆராய்ந்தபோது, அந்த நோய் ஆண்டுக்கு ஆண்டு வலுத்து வந்தமை தெரிந்தது. இவ்வாராய்ச்சி 2010-இல் வெளிவந்தது.

ஏன் வலுத்தது? இந்தப் பாக்டீரியா, மீனை விட்டு நீங்கி நீரிலும் நெடுநாள் வாழ வல்லது. அதுமட்டுமன்று, உயிருள்ள மீனைவிட இறந்த மீனிலிருந்து அது மிகுதியாக வெளிப்பட்டுப் பரவுகிறது. ஆற்றில் ஒரு மீன் இறந்தால், வேறொரு விலங்கு அதைத் தின்றுவிடலாம், அல்லது நீரோட்டம் அதை அடித்துச் சென்றுவிடலாம். தொட்டியிலோ இறந்த குஞ்சின் அருகிலேயே உயிருள்ள குஞ்சுகள் நெருங்கி நீந்துகின்றன. அங்கே ஓம்புயிரைக் கொல்வது செலவுப் பக்கத்திலிருந்து நீங்கி வரவுப் பக்கத்துக்கே வந்துவிடுகிறது. இந்நிலையில் கொடிய வகை மென்மையான வகையை வென்று நிற்பதில் வியப்பென்ன?

இவற்றைக் கேட்டுவிட்டு, மீன் பண்ணைகளை எல்லாம் மூடிவிட வேண்டும் என்று யாரும் அவசரப்பட வேண்டா. 2022-இல், வளர்த்துப் பெற்ற நீர்வாழ் விலங்குகளின் அளவு, பிடித்துப் பெற்ற அளவை முதன்முறையாக மிஞ்சியது என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அறிவித்தது. பெருகிவரும் மக்களுக்கு இந்த உணவு தேவை. ஆனால் தீங்கு கூண்டுக்குள் அடங்கி நிற்பதில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

நார்வே அரசு, மீன் ஒன்றுக்குச் சராசரி 0.5 முதிர்ந்த பெண் பேனுக்கு மேல் இருக்கலாகாது என்று விதித்தது. இளமீன்கள் கடலுக்கு வரும் வசந்தத்தில் இவ்வரம்பு 0.2 ஆகக் குறையும். கேட்பதற்குச் சிறிய எண்தான். ஒரு கணக்குப் போடுங்கள். 2 இலட்சம் மீன் கொண்ட கூண்டில், 0.5 என்ற வரம்புக்குள்ளேயே 1 இலட்சம் தாய்ப் பேன்கள் இருக்கலாம். சரம் ஒன்றுக்கு 200 முட்டைகள் என்று கொண்டால், இரண்டு சரங்களுக்கும் சேர்த்து 4 கோடி முட்டைகள்! அவற்றில் ஒரு சிறு பகுதி வலைக்கு வெளியே மிதந்து சென்றாலும், விரல் நீளமே உள்ள காட்டுச் சால்மன் குஞ்சுகளுக்கு ஆபத்து. பெரிய மீன் தாங்கும் பத்துப் பேனை அச்சிறு மீன் தாங்காது. 2021-இல் நார்வேயின் காட்டுச் சால்மன், அழியும் நிலையை நெருங்கும் உயிர்களின் பட்டியலில் முதன்முறையாக இடம்பெற்றது. அதற்குக் காரணங்கள் பல. பேனும் அவற்றுள் பெரியதொன்று.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. காட்டு மீன் அழிந்தால், மருந்தின் வலிமையும் அதனோடு அழியும். கனடாவின் பசிபிக் கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவில், காட்டுச் சால்மன் இனங்கள் மிகப் பெருந்திரளாக வாழ்கின்றன. அவற்றின்மேல் உள்ள பேன்கள் மருந்தையே கண்டறியாதவை. ஆதலால் எதிர்ப்பாற்றல் அற்றவை. அவை பண்ணைப் பேன்களோடு கலந்து இனம் பெருக்கியமையால், எதிர்ப்பாற்றல் அங்கே எளிதில் மேலோங்க இயலவில்லை. அட்லாண்டிக் கரையில் எமமெக்டின் வலுவிழந்த பின்னரும், அங்கே அது பல ஆண்டுகள் பயன் தந்தது. அண்மை ஆண்டுகளில்தான் அங்கும் அதன் வலிமை குன்றத் தொடங்கியது. பண்ணைக்காரர் பொருட்படுத்தாத காட்டு மீன், அவருடைய மருந்தைக் கூலியின்றிக் காத்து வந்திருக்கிறது.

மருந்து தவறியதும் வேறு வழிகளைத் தேடினார்கள். பேனைக் கொத்தித் தின்னும் சிறு மீன்களைக் கூண்டில் விட்டார்கள். வெந்நீரிலும் நன்னீரிலும் மீனைக் குளிப்பாட்டினார்கள். பேன் குஞ்சுகள் கடலின் மேற்பரப்பை ஒட்டியே மிகுதியாக மிதப்பதால், கூண்டின் மேற்பகுதியைச் சுற்றிப் பாவாடைபோல் ஒரு திரையைக் கட்டினார்கள். இவை நல்ல வழிகளே. ஆயினும் நீரின் அழுத்தத்துக்கேற்பக் குஞ்சுகள் மேலெழும் இயல்பு பேன் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுகிறது என்று 2020-இல் வெளியான சோதனை காட்டியது. அப்படியானால், எல்லாப் பண்ணைகளிலும் திரையையே நம்பினால், ஆழத்தில் நீந்தும் பேன்களை நாமே தேர்ந்தெடுத்தவர்கள் ஆவோம். எந்த ஒரு கருவியையும் எங்கும் எப்போதும் தனியாகக் கையாண்டால், அதனைத் தாண்டும் பேனையே அது வளர்க்கும்.

ஆகவே அறிவுள்ள வழி, பேனின் கணக்கையே மாற்றுவதுதான். கருவிகளைக் கலந்தும் மாற்றியும் கையாளலாம். ஓர் அறுவடைக்கும் அடுத்த வளர்ப்புக்கும் இடையே, ஒரு பகுதியின் கூண்டுகளை எல்லாம் ஒருங்கே சில காலம் வெறுமையாக வைக்கலாம். நம் உழவர் நிலத்தைத் தரிசாகப் போடுவது போன்றது இது. பண்ணைகளுக்கிடையே போதிய தொலைவு விடலாம். நார்வே அரசு 2017-இல் தன் கடற்கரையை 13 வட்டாரங்களாகப் பிரித்துச் சாலை விளக்குப் போன்ற ஒரு முறையை ஏற்படுத்தியது. காட்டு மீன்களுக்குப் பேனால் விளையும் தீங்கு குறைந்த வட்டாரத்துக்குப் பச்சை. அங்கே பண்ணைத் தொழில் வளரலாம். தீங்கு மிகுந்த வட்டாரத்துக்குச் சிவப்பு. அங்கே சுருங்க வேண்டும். மஞ்சளுக்கு வளர்ச்சியும் இல்லை, சுருக்கமும் இல்லை. இலாபத்தின் எல்லையைப் பேனை எண்ணி வகுத்த சட்டம் இது.

மாணவ நண்பர்களே! மாமரத்தடியில் நான் சொன்ன வாக்கியத்தை இப்போது திருத்திச் சொல்கிறேன், விருப்பமுள்ளவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டுண்ணி காலப்போக்கில் சாதுவாகும் என்பது விதியன்று. ஓம்புயிர்கள் எவ்வளவு நெருக்கமாக வாழ்கின்றன, எவ்வளவு காலம் வாழ்கின்றன, ஒட்டுண்ணி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு செல்கிறது என்பவற்றைப் பொறுத்தே அதன் கொடுமை கூடும் அல்லது குறையும். பண்ணையில் இம்மூன்றையும் வகுப்பவன் மனிதன். ஆதலால், அங்கே எத்தகைய ஒட்டுண்ணி தோன்ற வேண்டும் என்பதையும் அவனே, அறிந்தோ அறியாமலோ, வகுக்கிறான்.

அந்த மாணவன் இப்போது எங்கே இருக்கிறானோ நான் அறியேன். நடுவயதைக் கடந்திருப்பான். அவன் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின், அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை இது. வகுப்பில் உங்களுள் யாருக்கேனும் பாடத்தில் இல்லாத கேள்வி எழுந்தால், தேர்வு நாளையே ஆனாலும் தயங்காமல் கேளுங்கள். விடை அன்றே கிடைக்காமற் போகலாம். கேள்வியை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.